பூட்டாமல் அனுப்பிய பெட்டி

எனக்கு எழுபத்துநான்கு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. இரண்டு பேர் என் தங்கை விட்டுவிட்டுப்போன பிள்ளைகள். ஏழு பேரும் என் சொல் கேட்டு வளர்ந்தவர்கள், அதில் எனக்குப் பெருமை உண்டு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். இந்தக் கொப்பியில் இவ்வளவை எழுத ஒன்பது நாள் ஆகியிருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு கிடக்கிறது, இரண்டு சாவியும் ஒரே நூலில் கட்டியபடி. நாலு வரி எழுதுவேன், பூட்டை எடுத்துப் பார்ப்பேன், எழுந்து வாசல்வரை போய் றோட்டைப் பார்த்துவிட்டு வருவேன். மூத்த மகனின் மகள் நாளைக் காலையில் பல்கலைக்கழக விடுதிக்குப் போகிறாள். அவளுக்குச் சாமான் அடுக்கிக் கொடுக்க என் கடைசி மகள் இன்றைக்குச் சிலாபத்திலிருந்து வருகிறாள். அவள் வருவதற்குள் இதை முடித்துவிட வேண்டும். இந்தப் பூட்டு அவளுடையது.

கடைசி மகள் விடுதிக்குப் போனது நாட்டில் சண்டை முடிந்து இரண்டாவது வருடம். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு தாள் வந்திருந்தது. அவள் வாசிக்க வாசிக்க நான் குசினிக்கும் அறைக்கும் நடந்தேன். பாய், தலையணை, இரண்டு படுக்கை விரிப்பு, நுளம்பு வலை, வாளி, கோப்பை, துவாய், சவர்க்காரம். எல்லாம் நான் சொல்லாமலே எடுத்து வைக்கக்கூடிய சாமான்கள். கலியாணம் முடித்த வருடத்திலிருந்து ஒவ்வொரு மீன்பிடிப் பருவத்துக்கும் உச்சமுனைப் பக்கம் கரையில் வாடி என்கிற ஓலைக் கொட்டில் போட்டு மாதக்கணக்கில் இருந்தவள் நான். வீட்டையே ஒரு தகரப் பெட்டிக்குள் அடக்கி வள்ளத்தில் ஏற்றத் தெரிந்தவளுக்கு ஒரு தாள் வந்து சொல்லித் தர வேண்டுமா என்று நினைத்தேன். தாளின் கடைசியில் இரண்டு பூட்டு என்று இருந்தது. அங்கேதான் நான் நின்றேன்.

வாடியில் பெட்டி பூட்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. கிடுகு மறைப்புக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். ஆண்கள் கடலில் நிற்கும்போது பெண்கள் ஒருத்தியை ஒருத்தி நம்பித்தான் இருக்க வேண்டும். பெட்டியை வலைக் கயிற்றால் கட்டிவிடுவோம், அவ்வளவுதான். ஒரு வருடம் புதிதாக வந்த ஒருத்தி பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருந்தாள். யாரும் அவளோடு சண்டைக்குப் போகவில்லை. நெருப்புக் கேட்டு அவள் வாசலுக்கு மட்டும் ஒருவரும் போகவில்லை. நாலாம் நாள் அவளே பூட்டைக் கழற்றிவிட்டாள். சண்டைக் காலத்திலும் எங்களுக்கு அது வசதியாகவே இருந்தது. சோதனைச் சாவடியில் மற்றவர்கள் சாவி தேடி நிற்க, நாங்கள் முடிச்சை அவிழ்த்துக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம்.

மகள் தாளை மடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "அம்மா, ரெண்டு பூட்டு எண்டு போட்டிருக்கு."

"பக்கத்துக் கட்டில்காரியைக் கள்ளி எண்டு சொல்லிக்கொண்டா போய் இறங்கப் போறாய்?" என்றேன்.

என் வீட்டுக்காரர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர், தலை நிமிராமல், அது ஒரு துண்டு இரும்புதானே, வாங்கிக் கொடுத்தால் உன் கிரீடமா விழுந்துவிடும் என்றார். நீலக் கயிறு எடுத்துப் பெட்டியை நானே கட்டினேன், என் மாமியார் காட்டித் தந்த மூன்று சுற்று முடிச்சு. மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். என் சொல்லுக்கு மறு சொல் இல்லாத வீடு அது.

மூன்று பஸ் மாறிப் போனோம். விடுதி அறையில் நாலு கட்டில், நாலு பெட்டி. மூன்றில் பூட்டுத் தொங்கியது. பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய் ஒரு சிங்களப் பெண், நல்ல சிரித்த முகம். கயிற்றைப் பார்த்துவிட்டுப் பூட்டு மறந்துபோயிற்றா, தன்னிடம் ஒன்று மேலதிகமாக இருக்கிறது என்று கேட்டாள். சிலாபம் சந்தையில் மீன் விற்றுப் படித்த சிங்களம் எனக்குப் போதும். எங்கள் ஆட்கள் பூட்டுவதில்லை என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அவள் நீட்டிய பூட்டைத் திருப்பி அவள் கைக்குள்ளேயே வைத்தேன். மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றது இப்போது நினைவில் வருகிறது. அன்றைக்கு அது எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது நன்றாகச் சொன்னேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

நாலு வருடம் அவள் படித்தாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் அந்தப் பெட்டி நீலக் கயிற்றோடு வரும், அதே மூன்று சுற்று முடிச்சு. பார், நான் சொன்னபடியே இருக்கிறாள் என்று அயலுக்கெல்லாம் சொன்னேன். தலவிலத் தேவாலயப் பெருநாளில் கூடாரம் அடித்திருக்கும்போது தெரியாத சனத்திடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுவாள்.

அவள் ஆசிரியையாகி, கலியாணமும் முடித்துப் போகும்போதுதான் அந்தப் பெட்டியை நான் வெறுமையாக்கினேன். அடியில் ஒரு பழைய துவாய்க்குள் இந்தப் பூட்டு சுற்றியிருந்தது. பெட்டியின் கொண்டியைப் பார்த்தேன். பூட்டு உரசி உரசி, சாயம் போய், தகரம் பளபளவென்று தெரிந்தது. நாலு வருடமும் நான் முடிச்சைத்தான் பார்த்திருக்கிறேன், கொண்டியைப் பார்க்கவில்லை.

கேட்டேன். அவள் சீலைகளை மடித்தபடியே சொன்னாள். விடுதிக்குப் போய் மூன்றாம் கிழமை ஒரு பிள்ளையின் சங்கிலி காணாமல் போனதாம். விடுதிக்குப் பொறுப்பான அம்மா வந்து எல்லாப் பெட்டியையும் திறக்கச் சொன்னாவாம். மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சாவி போட்டுத் திறக்க, என் மகள் கயிற்றை அவிழ்த்தாளாம். சங்கிலி அவளுடைய துணிகளுக்குள் இருந்ததாம். எடுத்தவள், பூட்டாத பெட்டியாகப் பார்த்து ஒளித்திருக்கிறாள். எங்கள் ஊரில் பெட்டி பூட்டுவதில்லை என்று இவள் சொல்ல, அறையே சிரித்ததாம். ஐந்து நாள் யாரும் அவளோடு ஒரு மேசையில் சாப்பிடவில்லை. ஆறாம் நாள் எடுத்தவளே போய் ஒத்துக்கொண்டாள், சரி. ஆனால் அதற்கு முன்பே, நாலாம் நாள், என் மகள் படிப்பே வேண்டாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டாளாம். ஒரு பஸ்ஸைப் போகவிட்டாளாம். அடுத்ததையும் போகவிட்டு, திரும்பி நடந்தாளாம். பிறகு ஒரு பூட்டு வாங்கினாள். விடுமுறைக்கு வரும்போது, புத்தளத்தில் பஸ் மாறுமுன் பூட்டைக் கழற்றி ஒளித்துவிட்டு, மடியில் பெட்டியை வைத்து நீலக் கயிற்றைக் கட்டுவாள்.

ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டேன்.

"வந்து என்னத்தச் சொல்லுறது அம்மா? சொன்னா நீங்க உங்கட வாயால பிழை எண்டு சொல்ல வேணும். அது உங்களால ஏலாது."

கோபமாகச் சொல்லவில்லை. கடல் இன்றைக்குச் சரியில்லை என்று சொல்வதுபோலச் சொன்னாள். அந்த நேரத்தில் நான் ஒன்றும் பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் இருக்கவில்லை. கடைசியில் நீ கள்ளி இல்லை என்று தெரிந்ததுதானே, பிறகென்ன என்றேன். அவள் ஓம் என்றாள். மடித்த சீலையை விரித்து மறுபடியும் மடித்தாள். அன்றிலிருந்து மாதம் தவறாமல் வருகிறாள், மருந்து வாங்கித் தருகிறாள், தலை வாரிவிடுகிறாள். பூட்டைப் பற்றி நாங்கள் இருவரும் கதைத்ததில்லை. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். அவள் செருப்பைக் கழற்றும்போது நினைப்பேன், போட்டுக்கொண்டு படியிறங்கும்போதும் நினைப்பேன்.

பேத்தியின் சாமான் அறையெல்லாம் பரவிக் கிடக்கிறது. இப்போது தாள் இல்லை, தொலைபேசியில் வந்த பட்டியலை விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். நேற்று இந்தப் பூட்டை அவளிடம் நீட்டினேன். சில்லு வைத்து இழுக்கிற அவளுடைய பையில் இலக்கம் வைத்துத் திறக்கிற பூட்டு ஏற்கெனவே இருக்கிறதாம். "இது பழசு, அப்பாச்சி" என்று என் கையிலேயே திருப்பி வைத்தாள். நான் அந்தச் சிங்களப் பெண்ணின் கைக்குள் வைத்தேனே, அப்படியே. அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மகள் வந்துவிட்டாள். வாசலில் ஆட்டோ நின்ற சத்தத்தோடு பென்சில் நின்றது. வந்ததும் வராததுமாக என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மீனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன், மகளே: அந்தப் பெட்டியைப் பூட்டாமல் அனுப்பியது என் பிழை. பிறகு உன்னிடம் அப்படிப் பேசியது அதைவிடப் பெரிய பிழை.

பேத்தியைக் கூப்பிடுகிறேன். பிள்ளை, தொலைபேசியை வைத்துவிட்டு இங்கே வா. என் எழுத்து உனக்கு விளங்கும். முதல் வரியிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. இப்படி முணுமுணுக்காதே, சத்தமாக வாசி. உன் மாமி மீன் கழுவுகிறாள், தண்ணீர்ச் சத்தத்துக்கு மேலே அவளுக்குக் கேட்க வேண்டும்.