கப்பலில் நாலரை, தாளில் மூன்றரை

பயண முகவர் வேலை என்றால் உலகம் சுற்றும் வேலை என்று நினைப்பவர்கள், முதலில் நாலு தமிழ்க் குடும்பங்களைச் சொன்ன நேரத்துக்கு ஒரு பஸ்ஸில் ஏற்றிக் காட்டட்டும். கலியாண மண்டபத்துக்கு ஆறு மணிக்குப் போய் எட்டரை வரை வெறுங் கதிரைகளோடு தனியே இருந்திருக்கிறீர்களா? அப்படியானால் இது உங்களுக்காகத்தான்.

அண்ணையின் பொய்

2009 கோடையில் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். உண்மையில் கெமிஸ்ட்ரிதான் என்னை விட்டது. திரும்பச் சோதனை எழுது என்று அம்மா ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் சொன்னா. அதிலிருந்து தப்ப, லண்டனில் அப்டன் பார்க்கில் ஜெயம் அண்ணையின் டிராவல்ஸ் கடையில் சேர்ந்தேன். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு கேத்தில், சுவர் முழுக்க ஒரு கப்பல் படம். அவ்வளவுதான் கடை.

செப்டம்பரில் அண்ணை ஒரு குழுவைக் கப்பலில் அனுப்ப ஒழுங்கு செய்திருந்தார். அட்லாண்டிக் கடலில் மடெய்ரா, லான்சரோட்டே, தெனெரிஃபே என்று மூன்று தீவுகள். மூன்றும் எரிமலையால் உண்டானவை. அண்ணையே போகலாம். ஆனால் தேம்ஸ் ஆற்றைக் கடக்கிற சின்னக் கப்பலில் ஏறினாலே அவருக்குத் தலைசுற்றிச் சத்தி வரும். ஆகவே நான்.

"எந்த இடத்திலையும் ஆக்களுக்கு ஒரு மணித்தியாலம் முந்தின நேரம்தான் குடுக்க வேணும்," என்றார். "கப்பல்காரன் நாலரைக்கு ஏறச் சொன்னால் எங்கட தாளில மூண்டரை. அப்பத்தான் நாலரைக்கு வருவினம்."

அது பொய்தானே என்று கேட்டேன். எனக்கு மனதில் வைத்திருக்கத் தெரியாது.

"பொய்தான். ஆனால் பன்ரண்டு வருசமா ஒராளும் பிந்தேல்லை. எல்லாரையும் கொண்டுபோய் எல்லாரையும் கொண்டு வா, வேலை நிரந்தரம். ஒராளைத் தீவில விட்டிட்டு வந்தியெண்டால், அப்பிடியே கெமிஸ்ட்ரி படிக்கப் போ."

வெடிக்காத மலை

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரிலிருந்து வந்த சிவபாக்கியம் அன்ரிதான் நான் எழுதிய முதல் பதிவு. கதிரையில் இருந்ததும் எரிமலை எத்தனை மணிக்கு வெடிக்கும் என்று கேட்டா. வெடிக்காது என்றேன். இருநூறு வருஷமாகச் சும்மா இருக்கிற மலையும் அங்கே உண்டு என்று விளக்கினேன். அண்ணை மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினார். நான் நிறுத்தவில்லை.

அன்ரி நான் கொடுத்த விளம்பரத் தாளில் இருந்த மலையின் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "வெடிக்காத மலையைப் பாக்க நான் ஏன் பிள்ளை கப்பலேற வேணும்? அது வேல்ஸிலையே கிடக்கு."

நாலு பேர் வரவில்லை

பதினெட்டுப் பேர் பதிந்திருந்தார்கள். அந்த வருஷம் மே மாதம் ஊரில் சண்டை முடிந்த விதத்தைப் பார்த்தபிறகு, சந்தோஷப் பயணம் போக மனமில்லை என்று நாலு பேர் நின்றுவிட்டார்கள். அவர்களை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. மிச்சப் பேர் வருகிறார்களா என்று போன் எடுத்துக் கேட்கும் வேலை எனக்கு வந்தது. என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு மோசமான வேலை செய்ததில்லை.

நீங்களும் நிற்கிறீர்களா என்று அன்ரியைக் கேட்டேன். வருகிறேன் என்றா, வீட்டில் இருந்தால் விடிய விடிய டிவிதான் பார்க்கிறாவாம். கப்பலிலும் ஒவ்வொரு அறையிலும் டிவி இருக்கிறது என்று நான் சொன்னேன். சொல்லத் தேவையில்லாத உண்மைதான்.

"ஓம், ஆனால் அதில தமிழ் வராதெல்லே."

சவுத்தாம்ப்டனில் ஒரு குக்கர்

கப்பலில் சூடாக்கும் சாமான் எதுவும் கொண்டுபோகக் கூடாது. தீப்பிடித்தால் கடலின் நடுவில் ஓட இடமில்லை. இதைத் தாளில் இரண்டு தரம் எழுதியிருந்தேன். கப்பல் ஏறும் சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் பெட்டிகளை எக்ஸ்ரேயில் விட்டபோது ஒரு பெட்டிக்குள் வட்டமாக ஒன்று தெரிந்தது. அதற்குள் அரிசி, அரிசிக்குள் ஒரு போத்தல் கறித்தூள்.

அன்ரி அதைத் தலையணை உறைக்குள் சுற்றித் துவாய்க்கு நடுவில் வைத்திருந்தா. உத்தியோகத்தன் மரியாதையாகத்தான் ரைஸ் குக்கரை வாங்கி, பெயர் எழுதிக் கட்டி, திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான். அன்ரி அவனோடு தமிழில் கதைத்தா. அவன் இங்கிலீஷில் பதில் சொன்னான். ஆளுக்காள் நன்றாக விளங்கியது.

வரிசையில் பின்னால் நின்றவர் பிரான்ஸ் மாமா. பாரிஸில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்து பலசரக்குக் கடை போட்டவர். குக்கர் போவதைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"பிழை விட்டிட்டா. நான் எண்டால் பெட்டியில வைக்காமல் தொப்பி மாதிரித் தலையில போட்டுக்கொண்டு வந்திருப்பன்."

மலேசியா அங்கிளின் முழங்கால்

ஒவ்வொரு துறைமுகத்திலும் எங்கள் முறை இதுதான். எல்லாரும் கப்பல் ஏணியடியில் கூடுவது, நான் தலையெண்ணுவது, பிறகு ஏறுவது. மடெய்ராவில் தாளில் மூன்றரை போட்டேன். நாலரைக்குப் பத்து நிமிஷம் இருக்கப் பதின்மூன்று பேர் ஒன்றாக ஆடி அசைந்து வந்தார்கள். அண்ணை பெரிய மூளைக்காரன் என்று நினைத்தேன்.

ஆனால் பதினாலாவது ஆள் சரியாக மூன்றரைக்கு வந்து நின்றார். கிங்ஸ்பரியில் இருக்கிற மலேசியா அங்கிள். படிக்க வந்து இங்கேயே வேலைபார்த்து ஓய்வெடுத்தவர். முழங்கால் சரியில்லை, கைத்தடி உண்டு. வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றார். மேலே போங்கோ அங்கிள் என்றேன். குழுவோடு வந்தால் குழுவோடுதான் ஏற வேண்டும் என்றார். லான்சரோட்டேயிலும் அதே கதை. அன்று அவருடைய முழங்கால் காற்சட்டைக்கு மேலால் தெரிகிற அளவுக்கு வீங்கியிருந்தது.

என்னுடைய தாளையும், கப்பல் நிர்வாகம் தினமும் தருகிற இங்கிலீஷ் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். இங்கிலீஷ் தாளை எங்கள் குழுவில் படிக்கிற ஒரே ஆள் அவர்தான். கோபமில்லாமல் கேட்டார், அதுதான் இன்னும் மோசம்.

"கப்பல்காரங்க நாலரைன்னு போட்டிருக்காங்க, நீங்க மூணரைன்னு போட்டிருக்கீங்க. நான் எதை நம்பறதும்மா?"

மலையில் வெந்த கோழி

அந்த லான்சரோட்டே பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கறுப்புக் கல்லும் சிவப்பு மண்ணும் தவிர ஒரு புல்லும் இல்லை. வழிகாட்டி நிலத்தில் இருந்த குழாய்க்குள் ஒரு வாளி தண்ணீரை ஊற்றிவிட்டுப் பின்னுக்குப் போனான். மூன்று செக்கனில் ஆளுயரத்துக்கு மேலே ஆவி சீறிக்கொண்டு எழும்பியது. பிரான்ஸ் மாமா இரண்டு அடி பாய்ந்து என் பின்னால் நின்றார். மலை வெடிக்கிற நேரம் கேட்ட அன்ரி மட்டும் அசையவில்லை. இது சும்மா கேத்தில் கொதிக்கிற மாதிரி என்றா.

பிறகு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். அங்கே கிணறு மாதிரி வட்டமாகக் கல்லுக் கட்டி, மேலே கம்பித் தட்டு போட்டு, அதில் ஐம்பது கோழிக்கால் வேகின்றன. விறகும் இல்லை, காஸும் இல்லை. அடியில் இருந்து மலையின் சூடு வருகிறது. அன்ரி கம்பித் தட்டுக்குக் கிட்டப்போய்க் கையை நீட்டிப் பார்த்தா. நீண்ட நேரம் அங்கேயே நின்றா. அந்த ஐந்து நாளில் அவ சிரித்ததை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான்.

"என்ரை குக்கர் நெருப்பெண்டு பறிச்சுப்போட்டு, இஞ்சை மலையையே அடுப்பாக்கி வைச்சிருக்கிறாங்கள்."

ஒரே ஒரு உண்மை

கடைசித் துறைமுகம் தெனெரிஃபே. முதல்நாள் பின்னேரம் தாள் எழுதக் குந்தியபோது அந்த முழங்கால்தான் கண்ணுக்குள் நின்றது. என்னால் மூன்றரை என்று எழுத முடியவில்லை. நாலரை என்றே எழுதினேன். கப்பல் வரவேற்பு மேசையில் பிரதி எடுத்து எல்லார் கதவுக்குக் கீழும் தள்ளினேன். மனம் பாரமில்லாமல் இருந்தது. முட்டாள்தனமும் அப்படித்தான் இருக்கும் என்று அப்போது தெரியாது.

மறுநாள் நாலேகாலுக்கு ஏணியடியில் மலேசியா அங்கிளும் நானும். நாலு இருபதுக்கும் நாங்கள் இரண்டு பேர்தான். கப்பல் புறப்படுவது ஐந்துக்கு, ஏணியை அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் தூக்கிவிடுவார்கள். வெளிநாட்டில் போன் எடுத்தால் பில் வரும் என்று எல்லாரும் போனை நிற்பாட்டி வைத்திருந்தார்கள். ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. காலையில் அன்ரி, இந்த ஊரில் ரைஸ் குக்கர் விற்கிற கடை எங்கே என்று வரவேற்பு மேசையில் கேட்டிருந்தா. நான்தான் மொழிபெயர்த்தேன்.

ஓடினேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் அப்படி ஓடினதில்லை. வரவேற்பு மேசையில் சொன்னபடியே, ஊர்ச் சதுக்கத்துக்கு அடுத்த தெருவில் ஒரு சிந்திக்காரரின் எலக்ட்ரிக் சாமான் கடை. உள்ளே அன்ரி, அவவைச் சுற்றி மிச்சப் பன்னிரண்டு பேர். ஒரு குக்கர் வாங்கப் பதின்மூன்று பேர். கடைக்காரர் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்திருந்தார். கப்பல் போகப்போகுது என்று கத்தினேன். பிரான்ஸ் மாமா ஆற அமர என் தாளை எடுத்துப் பார்த்தார்.

"நாலரை எண்டால் அஞ்சரை தானே. ஜெயம் ஒரு மணித்தியாலம் முந்திப் போடுறவன் எண்டு லண்டன் முழுக்கத் தெரியும்."

இந்தத் தரம் உண்மையான நேரம் போட்டேன் என்றேன். அவர் கோப்பையை வைத்துவிட்டு அன்ரியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்.

"பொய் சொல்லுறதெண்டால் ஒழுங்கா எல்லா நாளும் சொல்ல வேணும், பிள்ளை."

ஏணியில் ஒரு மனிதர்

துறைமுகத்துக்குத் திரும்பியபோது ஐந்துக்கு எட்டு நிமிஷம். கெமிஸ்ட்ரிப் புத்தகத்தின் அட்டை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஏணி இன்னும் கீழேதான் இருந்தது. அதன் நடுவில் மலேசியா அங்கிள் நின்றார். ஒரு கை கம்பியில், ஒரு கை கைத்தடியில். மேலே ஒரு உத்தியோகத்தன், கீழே ஒருவன், இருவரும் கெஞ்சுகிறார்கள். சக்கர நாற்காலி கொண்டுவரவா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம், ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவேன் என்றிருக்கிறார். பதினைந்து நிமிஷத்தில் அவர் ஏறியது ஆறு படி.

நாங்கள் வருவதைக் கண்டதும் மிச்சப் படிகளைக் கைத்தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறினார். பதின்மூன்று பேரும் நானும் மூச்சிரைக்க உள்ளே போனோம். எக்ஸ்ரேயில் இரண்டாவது குக்கரையும் பறித்தார்கள். அன்ரி அவர்களாகக் கேட்க முன்னமே பெயரைச் சொல்லிக் கொடுத்தா. நான் அங்கிளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டு கதிரையில் சாய்ந்தார்.

"வாழ்க்கையில இப்பதான் முதல் தடவையா எல்லாரையும் காக்க வச்சிருக்கேன். நல்லாத்தான் இருக்கு."

திங்கட்கிழமை ஒன்பது மணி

சவுத்தாம்ப்டனில் அன்ரி இரண்டு குக்கரோடு இறங்கினா. ஒன்றை என் கையில் தந்தா, அம்மாவுக்காம். கடைக்குப் போய் நடந்ததை ஒன்றும் விடாமல் அண்ணையிடம் சொன்னேன், தாளில் உண்மை எழுதியதையும் சேர்த்து. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போனது பதினாலு, வந்தது பதினாலு, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வேலைக்கு வா என்றார்.

திங்கட்கிழமை ஒன்பதுக்குப் போனேன். கடை பூட்டு. மழை. பத்து மணிக்குக் கடைத் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு அண்ணை வந்தார்.

"உனக்கு இன்னும் விளங்கேல்லையோ?"

இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு விதமாகத் தாள் அடிக்கிறேன், பொய்த் தாள் எல்லாருக்கும், உண்மைத் தாள் மலேசியா அங்கிளுக்கு மட்டும். அதையும் வாங்கிக்கொண்டு போனமுறை அவர் பத்து நிமிஷம் பிந்தித்தான் வந்தார்.