லாரியில் ஏறிய நெபுலைசர்

பெரியதா, சின்னதா

மாஸ்க்கை மூக்கில் வைத்துக்கொண்டே பாண்டிச்செல்வி விலை கேட்டாள். மருத்துவச் சாமான் விற்கிறவர்களுக்கு இது பழகிய காட்சி. நோயாளி கடைக்கு வரமாட்டார். அவருக்காக வந்தவர்தான் எல்லாவற்றையும் மாட்டிப் பார்ப்பார். தல்லாகுளத்தில் எங்கள் கடைக்கு வீல்சேர் வாங்க வருகிறவர்கூட, தான் ஒரு சுற்று உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார். அவளுக்காக நான் மருந்தில்லாமல் வெறும் சலைன் உப்புநீர் ஊற்றி மிஷினை ஓடவிட்டிருந்தேன். புகைக்குள்ளிருந்து கண்கள் மட்டும் என்னைப் பார்த்தன.

நெபுலைசரில் வீட்டுக்கு வாங்குகிறவர்கள் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று கம்ப்ரசர். டிபன் கேரியர் அளவு இருக்கும், கரண்டில் ஓடும், காற்றை அழுத்தி மருந்தைப் புகையாக்கும், சத்தம் போடும். மற்றது மெஷ். உள்ளங்கையில் அடங்கும், பேட்டரியில் ஓடும், சத்தம் வராது, விலை இரண்டு மடங்குக்கு மேல். வீட்டோடு இருக்கவா, வெளியூர் எடுத்துப்போகவா என்பது நான் கேட்கிற முதல் கேள்வி. வீட்டுக்காரருக்கு வீசிங், வீட்டோடுதான் என்றாள். வீட்டுக்காரர் வீட்டில் இருப்பதே வாரத்தில் இரண்டு நாள் என்பதைச் சொல்லவில்லை. சின்னதைக் கையில் வாங்கிக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"இம்புட்டு விலை சொல்றீங்க, ஒரு சத்தத்தையும் காணோம். பெருசையே குடுங்கக்கா, ஓடுதுன்னாவது தெரியும்."

தூங்கிப்போன பிள்ளை

இளைப்புக்காரப் பிள்ளை உள்ள வீட்டில் நீங்கள் இருந்தால் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மருந்துக்கு அழாத பிள்ளையும் மிஷின் சத்தத்துக்கு அழும். காஜிமார் தெருவிலிருந்து ஒரு பாய், மனைவியோடும் இரண்டு வயது மகனோடும் வந்தார். எதற்கு அழமாட்டானோ அதை வாங்குவது என்று முடிவுசெய்து பிள்ளையையே கூட்டிவந்திருந்தார்கள். நல்ல யோசனை என்றுதான் நானும் நினைத்தேன்.

சத்தமில்லாததை முகத்தருகே கொண்டுபோனதும் கத்தினான். நடுத்தரமான ஒன்றுக்குக் காலை உதைத்தான். கடைசியாக, நானே யாருக்கும் சிபாரிசு செய்யாத பழைய மாடல் ஒன்றை ஓடவிட்டேன். மேஜையே அதிர்ந்தது. பிள்ளை அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்து ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டான். நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அம்மாவுக்கு மட்டும் வியப்பில்லை.

"வீட்டுல இட்லி மாவு அரைச்சு விக்கிறோம்க்கா. கிரைண்டரை நிப்பாட்டுனாத்தான் இவன் முழிச்சுக்குவான்."

காற்று அடிக்க வேண்டும்

மூன்று வாரம் கழித்து, பாண்டிச்செல்வி வாங்கிப்போன பெரிய மிஷினைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். தான்தான் அந்த வீட்டுக்காரர், பெயர் சேகர் என்றார். பரவை மார்க்கெட்டிலிருந்து கோட்டயத்துக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறவர். மலை ஏறுகிற இடத்தில் குளிர்காற்று பட்டால் நெஞ்சு அடைக்கிறது. வண்டி ஓட்டலாம், ஆனால் இழுக்க ஆரம்பித்தால் ஓரங்கட்டி, மருந்து பிடித்து, மூச்சு சீரான பிறகுதான் சாவியைத் தொட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். சேகர் அதை ஒரு தடவைகூட மீறியதில்லை. முதலாளிக்குத் தெரியக்கூடாது என்பதுதான் அவர் கவலை. முதலாளியின் காய்கறி மண்டியில் முன்பு ஒரு டிரைவருக்குக் காக்காவலிப்பு என்று தெரிந்த அன்றே சாவியை வாங்கிவிட்டார்களாம். அது நியாயந்தானே என்றேன். நியாயம்தான், அதனால்தான் பயமாக இருக்கிறது என்றார்.

மலையடிவாரத்தில், லோயர் கேம்ப்பில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி, கடையிலிருந்து ஒயர் இழுத்து, கதவை அடைத்துக்கொண்டு கேபினுக்குள் மிஷினை ஓட்டியிருக்கிறார். பாதி மருந்து போயிருக்கும்போது மிஷின் சத்தம் கேட்டுப் பக்கத்து லாரி டிரைவர் கதவைத் தட்டினாராம். மாஸ்க்கைச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டுச் சேகர் கண்ணாடியை இறக்கியிருக்கிறார். அந்த டிரைவர் சொன்னதை என்னிடம் அப்படியே சொல்லிக் காட்டினார்.

"அண்ணே, பின்னாடி ரெண்டு வீல்லயும் காத்து கம்மியா இருக்கு. ஒங்களுக்கு அடிச்சு முடிச்சதும் குழாய இப்பிடி இழுத்து விடுங்க."

பேட்டரித் தண்ணீர்

பெரியது வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாகி, சின்னதையும் சேகர் வாங்கிக்கொண்டார். எடுத்துக்கொடுக்கும்போது நான் எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். மெஷ் என்கிற வலையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கின்றன. நம் ஊர் போர் தண்ணீரில் கழுவினால் உப்பு அடைத்துவிடும். ஒவ்வொரு தடவையும் டிஸ்டில்டு வாட்டரில் அலசிக் காயவைக்க வேண்டும். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த மாதம் மாஸ்க் மாற்ற வந்தபோது மிஷினை வாங்கிப் பார்த்தேன். புதிது போல இருந்தது. பாராட்டிவிட்டு, தண்ணீர் எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். வாங்கவே வேண்டாம், வண்டியிலேயே கேன் இருக்கிறது என்றார். லாரி பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் கேன். அது நெஞ்சுக்குள் போகிற சாமானைக் கழுவுவதற்கு இல்லை, மெடிக்கலில் சின்னக் குப்பியில் சுத்தமான தண்ணீர் கிடைக்கும் என்று நான் ஐந்து நிமிடம் கோபித்துக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார். கேனை இனித் தொடமாட்டேன் என்றும் சொன்னார். ஆனாலும் என் படிப்பின்மேல் அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது தெரிந்தது.

"மூணு வருசமாச்சுக்கா. அந்தப் பேட்டரி இன்னைக்கு வரைக்கும் ஒரு கொறையும் சொன்னதில்ல."

கடைப் பை

அதற்கும் இரண்டு மாதம் கழித்து, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எங்கள் கடைத் துணிப்பையை மேஜையில் வைத்தார். பரவையில் காய்கறி மண்டி வைத்திருப்பதாகச் சொன்னார். லாரி சீட்டுக்குப் பின்னால் இந்தப் பை கிடந்ததாம். எங்கள் டிரைவர் சேகர் இங்கே என்ன வாங்கினான் என்று கேட்டார். வாங்கியவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். கோபப்படவில்லை, உட்கார்ந்து பேசினார். வண்டியில் ஜிபிஎஸ் மாட்டியிருக்கிறது. மூன்று மாதமாக, பெரும்பாலான டிரிப்பில், மலை ஏறுவதற்கு முன்னால் அதே இடத்தில் வண்டி பதினைந்து நிமிடம் நிற்கிறது. டீ குடித்தேன் என்கிறான். அவன் டீ குடிக்கமாட்டான் என்பது எனக்குத் தெரியும். டீசலை உருவி விற்கிறான் என்று மண்டியில் எல்லோரும் சொல்கிறார்கள். திங்கட்கிழமை கணக்கை முடித்து அனுப்பிவிடலாம் என்று இருக்கிறேன். பை கிடந்ததால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாமென்று வந்தேன் என்றார்.

சொன்னால் நோய்க்காக வேலை போகும். சொல்லாவிட்டால் திருட்டுக்காகப் போகும். ஒன்பது வருடத்தில் எந்த வாடிக்கையாளரின் நோயையும் நான் இன்னொருவரிடம் சொன்னதில்லை. அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சேகருக்குப் போன் போட்டேன். வண்டி மலையில் இருந்திருக்கும், கிடைக்கவில்லை. பாண்டிச்செல்விக்குப் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டாள். சத்தம் போட்ட குக்கரை அணைத்துவிட்டு வந்து பேசினாள்.

"சொல்லிருங்கக்கா. களவாணின்னு பேரு எடுக்குறதுக்கு வீசிங்காரன்னு எடுக்கட்டும். அவுகட்ட நான் சொல்லிக்கிறேன்."

பதினைந்து நிமிடம்

சொன்னேன். டாக்டர் சொன்ன நிபந்தனையையும் சேர்த்தே சொன்னேன். மண்டிக்காரர் அந்த மிஷினைக் காட்டச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். இவ்வளவுதானா என்றார். வண்டி ஓடும்போது இழுத்தால் என்ன செய்வான் என்று கேட்டார். ஓரங்கட்டி நிறுத்துவார், அதுதான் நீங்கள் பார்த்த பதினைந்து நிமிடம் என்றேன். டாக்டர் சீட்டை ஒருதடவை கண்ணில் பார்க்க வேண்டும் என்றார். பாண்டிச்செல்வி கொண்டுவந்து காட்டுவாள் என்றேன். மிஷினைத் திருப்பித் தந்தார்.

"நிறுத்துறவன் ஓட்டட்டும்மா. எங்கிட்ட இன்னும் நாலு பேரு ஓட்டுறானுக. ஒருத்தன் வண்டியும் வழியில நிக்கிறதே இல்ல. அவனுகளத்தான் என்னான்னு பாக்கணும்."

லாரியிலேயே சார்ஜ் போட வழியிருக்கிறதா என்று கேட்டு, அதற்கான சார்ஜர் ஒன்றை எடுத்தார். கடையிலேயே விலை குறைந்த சாமான்களில் ஒன்று அது. மூச்சுக்கு மிஷின் விற்கிற தொழிலில் எது மலிவோ அதற்குத்தான் பேரம் அதிகம் என்பதால், அதற்கும் பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார். பை வேண்டாம், பையைப் பார்த்துத்தானே நானே வந்தேன், வண்டிச் சாமானோடு சாமானாகக் கிடக்கட்டும் என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது, டப்பாவில் ஒட்டியிருந்த எங்கள் கடை லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்து, உருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.