வெள்ளிக்கிழமை வெந்நீர்

பூந்தமல்லி ஷம்ஷாத் பதினான்கு வருடமாகச் சூரிய வெந்நீர்த் தொட்டிகளை அடுத்தவர் போட்ட படத்தின்படி மாட்டியவள். எந்தக் குழாய் எங்கே தப்பு என்று வாய் ஓயாமல் சொல்வாள். காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. சேக்காட்டில் நாற்பது வீட்டுப் பெண்களுக்குப் பொதுக் குளியல் கூடம் கட்டியபோதுதான், முதன்முறையாக, "நீயே படம் போடும்மா" என்றார்கள்.

வீடு வீடாகப் போய், வாரத்துக்கு எத்தனை வாளி வெந்நீர் ஆகும் என்று கேட்டாள். மொத்தத்தை ஏழால் வகுத்து, அந்த அளவுக்கு மாடியில் தொட்டி வைத்தாள்.

திங்கட்கிழமை திறந்தார்கள். நான்கு நாள் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். வெள்ளிக்கிழமை காலை நாற்பது வீட்டுப் பெண்களும் தலை நிறைய நல்லெண்ணெயும் கையில் சீயக்காயுமாக வந்து இறங்கினார்கள். பாதிப் பேரோடு வெந்நீர் தீர்ந்தது. கடைசியில் நின்ற முத்தம்மாள் எண்ணெய்த் தலையோடு மார்கழிக் குளிரில் நடுங்கினார்.

"இன்னாம்மா வேல இது?" அந்தப் பெண்களின் சங்கத் தலைவி லோகநாயகி பிடித்துக்கொண்டார். "வர்ற வெள்ளிக்கெயம கடைசி ஆளு வரைக்கும் சுடுதண்ணி வரலன்னா, அல்லாத்தையும் கயட்டி எடுத்துக்கினு போ. கரண்டு ஹீட்டர் வெச்சுக்கிறோம்."

ஷம்ஷாத்துக்கு அவமானத்தில் உடம்பே கூசியது. ஜும்ஆ தொழுகைக்கு முன்னால் தன் வீட்டுக் குளியலறை வாசலில் நடக்கும் தள்ளுமுள்ளைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு, வெள்ளிக்கிழமை என்று ஒன்று இருப்பது எப்படி மறந்தது?

சூடு தாங்கும் பழைய தொட்டி ஒன்று அவளிடம் சும்மா கிடந்தது. அதைக் கூடத்தின் பக்கத்தில் பொருத்தினாள். புதன் மாலை மாடித் தொட்டியின் வெந்நீரை அதில் இறக்கிப் பூட்டினாள். காலியான மாடித் தொட்டியில் பச்சைத் தண்ணீர் நிரப்பி வியாழன் வெயிலுக்கு விட்டாள்.

"வியாயக்கெயம மட்டும் வெந்நீர் கிடையாதுக்கா. பொறுத்துக்கோங்க" என்று கெஞ்சினாள்.

"மறுநாள் எண்ணெ தேய்க்கப் போறோம். ஒருநாளு பச்சத்தண்ணில குளிச்சா கரைஞ்சா பூடுவோம்?" என்றார் லோகநாயகி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே.

வெள்ளி வந்தது. ஷம்ஷாத் வாசலில் நின்று தலைகளை எண்ணினாள். முப்பது. ஐம்பது. லோகநாயகி பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்றார். கடைசியாக உள்ளே போனவர் முத்தம்மாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது. ஷம்ஷாத் கதவில் காதை வைத்தாள்.

"யாரும்மா வெளிய?" உள்ளேயிருந்து முத்தம்மாள் கத்தினார். "வெளாவ ஒரு வாளி பச்சத்தண்ணி குடுங்கம்மா, கையே வெக்க முடியல!"

லோகநாயகிதான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.