மலை சுற்றிவிட்டு வந்த பார்ட்னர்

போன வாரம் பக்கத்து வீட்டு நடேசன் ஒரு ஷேர் அப்ளிகேஷனைக் கொண்டுவந்து நீட்டினார்.

"அண்ணே, புதுக் கம்பெனி. டிவி பண்றாங்களாம். ஜப்பான்காரன் கூட்டு சேந்திருக்கான்னு போட்டிருக்கு. நம்பலாமா?"

அஞ்சாம் வகுப்போடு நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? "தெரியலப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க ஏகாம்பரம் ஞாபகமாகவே இருந்தது...

பத்து வருஷத்துக்கு முன்னால், செங்கம் ரோட்டில் ஒரு தகர ஷெட்டில் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் செய்தவர் அவர். நான் அங்கே செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவன். ஊர்க்காரர்கள் நாலு பேர் முதல் போட்டிருந்தார்கள். சரக்கு நல்ல சரக்கு. வாங்கத்தான் ஆளில்லை.

அப்போதுதான் மெட்ராஸ் கம்பெனி ஒன்று கூட்டுச் சேர்வதாக எழுதியது. நாங்கள் செய்வதை அவர்கள் ஊர் ஊராக விற்பார்களாம். ஏகாம்பரத்துக்குத் தலைகால் புரியவில்லை. முதல் போட்டவர்களோ நம்பவில்லை.

"லெட்டர் என்னய்யா லெட்டர்? பிரஸ்ஸுல குடுத்தா நானும்தான் அடிப்பேன்" என்றார் கடலை மண்டி முனிரத்தினம். "ஆளைக் காட்டு. இல்லேன்னா எங்க பணத்தை எடு."

ஏகாம்பரமே அந்த ஆளைப் பார்த்ததில்லை — எல்லாம் தபாலில்தான். வரச்சொல்லி எழுதினார்.

வந்தார். பௌர்ணமியாகப் பார்த்து வந்தார்! இவ்வளவு தூரம் வந்து மலையைச் சுற்றாமல் போவதா என்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் நடந்துவிட்டார்; சுற்றி முடித்து அப்படியே ஷெட்டுக்கு வந்தார். வேட்டி, தோளில் துண்டு, நெற்றியில் விபூதி, வெறுங்கால். ஏகாம்பரம் மோர் கொடுத்து உட்கார வைத்தார்.

குடித்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். நான் சுற்றிக்கொண்டிருந்த காயிலை வாங்கி, ஓரத்தை விரலால் தடவினார்.

"கம்பி அடுக்குக்கு நடுவுல வைக்கிற பேப்பர் இங்க ஒண்ணு விட்டுப்போச்சுங்களே. சூடானா ஷார்ட் ஆயிடும்."

விட்டுத்தான் போயிருந்தது. இவர் தொழில் தெரிந்தவர் — எனக்கு அந்த நிமிஷமே சந்தேகம் தீர்ந்துவிட்டது.

முதல் போட்ட நாலு பேரும் வந்தார்கள். வாசலில் காரைத் தேடினார்கள். பிறகு அவர் காலைப் பார்த்தார்கள்.

"இவரா மெட்ராஸ் கம்பெனி?" முனிரத்தினம் சிரித்தார். "யோவ் ஏகாம்பரம், மலை சுத்த வந்தவரைப் புடிச்சு உக்கார வச்சிட்டியா? மோருக்கு மேல என்னா குடுக்கறதா பேச்சு?"

மற்ற மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். வந்தவரிடம் கம்பெனி விசிட்டிங் கார்டு ஏதாவது இருந்திருக்கும். அந்தச் சிரிப்புக்குப் பிறகு யார் எடுத்துக் காட்டுவார்?

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா. இவ்ளோ நேரம் அவர்கிட்ட பேசிட்டிருந்தியே!"

சொல்ல வேண்டியது ஒரே வரி. ஆனால் கஞ்சி போட்ட சட்டைக்காரர்கள் நாலு பேர் என் வாயையே பார்க்கிறார்கள்... நான் குனிந்து காயிலைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

மெட்ராஸ்காரர் எழுந்தார். எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். போய்விட்டார்.

அப்புறம் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. நாலு பேரும் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். மெஷின்களை விற்றுக் கொடுத்துவிட்டு ஷெட்டைக் காலி செய்தோம்.

கடைசி நாள் ஏகாம்பரம் சொன்னார்: "அவங்க நம்பலேன்னு வருத்தமில்லப்பா. அவங்க சிரிச்சதும் எனக்கே டவுட் வந்துடுச்சு. அதான் அவரை நிறுத்தக்கூட இல்ல. நீ வாயைத் தொறந்திருந்தா, நான் ஒருத்தனாவது நம்பியிருப்பேன்."

நம்பாத நாலு பேரால் கம்பெனி போனது என்றுதான் ஊரில் இன்றைக்கும் பேச்சு. நம்பிய ஒருவன் உள்ளே உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியாது — நானாகச் சொன்னால்தான் உண்டு.