கூட்டிப் பார்த்தால் ஆறரை மணி நேரம்

ஆண்டிச்சாமிக்கு ரயில்வே கேட்டில் வேலை கிடைக்கக் காரணமே அவருடைய உறக்கம்தான்.

1936ஆம் வருஷம். சமயநல்லூர்ப் பக்கம், வயல்களுக்கு நடுவே ஒரு மண்சாலை இருப்புப்பாதையைக் கடக்கும் இடத்தில் ஒரு கேட் இருந்தது. அதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார் மேஸ்திரி கண்ணுச்சாமி. பகலுக்கு ஒருவர், இராத்திரிக்கு ஒருவர் என்று அங்கே கிடையாது. ஒரே ஆள், இருபத்து நான்கு மணி நேரமும் அங்கேயே கிடக்க வேண்டும். ஸ்டேஷனிலிருந்து கம்பி வழியாக மணி அடிக்கும். அடித்ததும் எழுந்து, சாலையின் இரண்டு பக்கமும் கதவைச் சாத்திச் சங்கிலி போட்டு, பகலானால் பச்சைக் கொடியும் இருட்டானால் பச்சை விளக்கும் காட்ட வேண்டும். ரயில் போனதும் கதவைத் திறந்துவிட்டு அடுத்த மணி வரை படுத்துக்கொள்ளலாம். ரயில்வே புத்தகத்தில் இதற்கு ‘இடைவிட்ட வேலை’ என்று பெயர்.

ஆண்டிச்சாமி அப்போது தண்டவாளத்துக்குச் சல்லி சுமக்கும் கூலி. வயது இருபத்தாறு. கூடையை இறக்கிய இடத்திலேயே கண்ணை மூடுவார். மேஸ்திரி கூப்பிட்டால், குளித்துவிட்டு வந்தவர் மாதிரி எழுந்து நிற்பார். கூட இருந்தவர்கள் அதைக் கோழி உறக்கம் என்று கேலி செய்தார்கள். கண்ணுச்சாமி கேலி செய்யவில்லை.

“உனக்கு ஒரு நாளைக்கு எம்புட்டு நேரம் உறங்கணும்டா?”

“அம்புட்டு இம்புட்டுன்னு ஒண்ணுமில்லண்ணே. கெடைக்கிற நேரத்துல உறங்கிக்கிருவேன். அம்புட்டுச் சோத்தையும் ஒரே வாயிலயா திங்கிறோம்?”

அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.

ஆண்டிச்சாமியின் அப்பா காளை, சாகும்வரை பண்ணை ஆள். அந்தக் குடும்பத்தில் யாருக்கும் சொந்தமாகக் கதவு வைத்த வீடு இருந்ததில்லை. இப்போது கேட்டை ஒட்டி ஓடு போட்ட ஒற்றை அறை, ஒரு காக்கிச் சட்டை, மாதச் சம்பளம். எல்லாவற்றையும்விட அவர் மனைவி செல்லக்கிளிக்கு ஒரு விஷயம் பிடித்திருந்தது. மணி அடித்துவிட்டால் பண்ணைக்காரர் வண்டியானாலும் ஆண்டிச்சாமியின் கதவுக்கு முன்னால் நின்றுதான் ஆகவேண்டும்.

முதல் மூன்று வருஷம் குறையொன்றும் இல்லை. நாளுக்குப் பதினொரு ரயில். இரவில் மூன்று துண்டு, பகலில் இரண்டு துண்டு என்று உறங்கினார் ஆண்டிச்சாமி. உடம்பு இளைக்கவில்லை. “எனக்குன்னே செஞ்ச வேலை” என்று வருவோர் போவோரிடம் சொல்லிக்கொண்டார்.

மாறுதலை முதலில் பார்த்தவர் செல்லக்கிளி. மனிதர் பேச்சைப் பாதியில் விட்டுவிடுவார். விட்டதே அவருக்குத் தெரியாது. சாப்பிட்ட கை காய, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் சாயங்காலம் மகள் தங்கப்பொண்ணு வந்து மடியில் விழுந்தாள். அவளுக்கு அப்போது நான்கு வயது.

“யாரு புள்ள நீ?” என்றார் ஆண்டிச்சாமி.

குழந்தை விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. செல்லக்கிளி அவர் முகத்தைப் பார்த்தார். அதில் விளையாட்டு இல்லை.

அன்றிலிருந்து செல்லக்கிளி பகல் ரயில்களைத் தானே பார்க்கத் தொடங்கினார். மணி அடித்தால் கணவனை எழுப்பாமல் கதவைச் சாத்திக் கொடி பிடிப்பார். அப்படி ஏழெட்டு மாதம் போயிற்று. ஆண்டிச்சாமி மறுபடி மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். ஆனால் ஒரு நாள் டிராலியில் வந்த இன்ஸ்பெக்டர், சேலை கட்டிய பெண் கொடியோடு நிற்பதைக் கண்டு டிராலியை நிறுத்தச் சொன்னார். சம்பளம் வாங்குகிற ஆள்தான் கேட்டில் நிற்க வேண்டும். இன்னொரு தடவை பார்த்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். செல்லக்கிளி அதற்குப் பிறகு கொடியைத் தொடவில்லை.

பிறகு யுத்தம் வந்தது. 1942இல் பட்டாள ரயில்கள் ஓட ஆரம்பித்தன. அவற்றுக்கு நேரம் காலம் கிடையாது. லாரிகள், துணி மூடிய பீரங்கிகள், ஜன்னலெல்லாம் முகங்கள். பதினொரு ரயில் இருபதாகி, சில நாள் இருபத்தைந்தும் ஆயிற்று. படுத்தால் இருபது நிமிஷம், மிஞ்சிப் போனால் நாற்பது. அதிலும் பாதி, அடுத்த மணிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பதிலேயே போகும்.

அடிக்காத மணி காதில் கேட்க ஆரம்பித்தது அப்போதுதான்.

முதல் தடவை அவர் எழுந்து ஓடிக் கதவைச் சாத்தினார். முக்கால் மணி நேரம் எந்த ரயிலும் வரவில்லை. சாலையின் இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துவிட்டன. முன்னால் நின்ற வண்டியில் வெள்ளைத்துரை இருந்தார். பக்கத்து ஊர்ச் சம்சாரி, ஐம்பது வயது, இரண்டு ஏர் வைத்து உழுகிறவர்.

“டேய் ஆண்டி, எங்கடா ரயிலு? மாட்ட வெயில்ல நிறுத்தி வச்சுக்கிட்டு வெளையாடுறியா?”

“மணி அடிச்சுச்சு சாமி.”

“எவன் அடிச்சான்? எனக்குக் கேக்கலையே!”

செல்லக்கிளி வீட்டு வாசலிலிருந்து மெதுவாகச் சொன்னார்: “மாமா, மணி அடிக்கல.”

பத்து நாளில் இதே போல இன்னொரு தடவை நடந்தது. யாரோ ரயில்வேக்குப் புகார் எழுதிப் போட்டார்கள். மேஸ்திரி கண்ணுச்சாமி வந்து அபராதச் சீட்டைக் கொடுத்தார். “அடுத்து ஒண்ணு வந்தா என்னால காப்பாத்த முடியாதுப்பா. மணி அடிச்சா சாத்து, அடிக்கலைன்னா சும்மா கெட. அம்புட்டுத்தான வேலை?”

“அடிச்சுச்சா அடிக்கலையான்னுதாண்ணே தெரிய மாட்டேங்குது.”

கண்ணுச்சாமி அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு, தலைக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு ஆண்டிச்சாமி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மணி கேட்டால் உடனே எழுவதில்லை. செல்லக்கிளியைப் பார்ப்பார். அவர் தலையாட்டினால்தான் எழுவார். செல்லக்கிளி களையெடுக்கும் கூலியை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். இரவிலும் அவருக்குப் பாதி உறக்கம்தான்.

1943 பங்குனி மாதம். மத்தியானம் மூன்று மணி இருக்கும். வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. ரயில் போய்க் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அடுத்ததற்கு நேரமிருக்கிறது என்று நம்பி, மகளையும் கூட்டிக்கொண்டு வயல் கிணற்றுக்குப் போனார் செல்லக்கிளி.

மணி அடித்தது. ஆண்டிச்சாமி அப்போது படுத்திருக்கவில்லை. கதவோரம், சுருட்டிய கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். மணி கேட்டதும் பழக்கத்தில் வாசலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே தலையாட்ட யாரும் இல்லை. அப்படியானால் இது பொய் மணி என்று அவருக்குத் தோன்றியது.

வைக்கோல் பாரத்தோடு வெள்ளைத்துரையின் வண்டி வந்தது. திறந்த கதவைப் பார்த்து அவர் கையை உயர்த்தினார். ஆண்டிச்சாமியும் கையை உயர்த்தினார்.

கிணற்றடியிலிருந்து புகையைப் பார்த்துவிட்ட செல்லக்கிளி, “மாமா! கதவு! கதவு!” என்று கத்திக்கொண்டு வரப்பில் ஓடிவந்தார். எஞ்சின் விடாமல் ஊதியது. அந்த ஊதல் கேட்டுத்தான் ஆண்டிச்சாமிக்கு முழிப்பு வந்தது. மாடுகள் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டன, வண்டி தாண்டவில்லை. பின்பக்கத்தில் அடி விழுந்து வண்டி சிதறியது. ஒரு மாடு அங்கேயே செத்தது. இன்னொன்று முறிந்த நுகத்தடியை இழுத்துக்கொண்டு வயலுக்குள் ஓடியது. வைக்கோலுக்குள்ளிருந்து வெள்ளைத்துரையை இழுத்தெடுத்தபோது உயிர் இருந்தது. இடது கை முழங்கைக்குக் கீழே நசுங்கியிருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள்.

விசாரணைக்கு முந்தின நாள் கண்ணுச்சாமி வந்தார். “மணி அடிக்கவே இல்லைன்னு சொல்லிரு. கம்பியில கோளாறுன்னு எழுதிக்கிருவாங்க. நானும் ஆமான்னு சொல்றேன்.”



மறுநாள், ரயில்வே ஆபீஸ் அறை ஒன்றில் பெரிய மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி உட்கார்ந்திருந்தார். கெட்டவரில்லை. ஆண்டிச்சாமிக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

“மணி அடித்ததா?”

“அடிச்சுச்சு சாமி. காதுல விழுந்துச்சு. நெசமான மணின்னு தோணல.”

“தூங்கிவிட்டாயா?”

“நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். கண்ணு தொறந்திருந்துச்சு. உள்ள நான் முழிச்சிருந்தேனான்னு தெரியல.”

அதிகாரி அந்த வாரத்து ரயில் நேரங்களை எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டு ரயில்களுக்கு நடுவில் எத்தனை நிமிஷம் என்று ஒவ்வொன்றாகப் பென்சிலால் குறித்தார். கதவு திறக்க, மூட, சாப்பிட என்று தாராளமாகவே கழித்தார். இருபத்தைந்து, முப்பது, நாற்பது, இருபது என்று கூட்டிக்கொண்டே போய்க் கீழே கோடு போட்டார்.

“விபத்து நடந்த அன்று உனக்கு உறங்கக் கிடைத்த நேரம் கூட்டிப் பார்த்தால் ஆறரை மணி நேரம். நானே அவ்வளவுதான் தூங்குகிறேன். ஒரு மனிதனுக்கு இது போதாதா?”

“கூட்டிப் பாத்தா சரியாத்தான் இருக்கும் சாமி” என்றார் ஆண்டிச்சாமி.

கதவோரம் நின்றிருந்த செல்லக்கிளிதான் வாயைத் திறந்தார். “அய்யா, ஒல வச்சு, கொதி வார நேரமாப் பாத்துப் பானைய எறக்கி எறக்கி வச்சா சோறு வேகுமாங்கய்யா? வெறகு அம்புட்டும் எரிஞ்சிருக்கும். அரிசி அரிசியாத்தான் கெடக்கும்.”

அறையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வெளியே பார்த்தார். ஆனால் படிவத்தில் அவர் எழுதுவதற்கென்று இருந்த கட்டத்தில் உலையையும் அரிசியையும் எழுத இடமில்லை. மணி அடித்ததை ஆளே ஒப்புக்கொண்டுவிட்டார். வேலை நீக்கம், மூன்று நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

நான்காவது நாள் அந்தக் கேட்டுக்கு வேறு ஆள் வந்தார். ஆறு மாதத்தில் இன்னொருவரும் வந்தார். பகலுக்கு ஒருவர், இராத்திரிக்கு ஒருவர். ஏன் என்று ஆண்டிச்சாமிக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

கீழக்குயில்குடியில் செல்லக்கிளியின் அண்ணன் கருப்பு செங்கல் சூளையில் வேலை பார்த்தார். அவர் வீட்டுப் பக்கத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள். முதல் இரண்டு நாள் ஆண்டிச்சாமி பிணம் மாதிரி உறங்கினார். இனி எல்லாம் சரியாகிவிடும் என்று செல்லக்கிளி நினைத்தார். மூன்றாம் நாளிலிருந்து உறக்கம் உடைந்தது. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து உட்காருவார். கதவில்லாத குடிசையின் வாசலுக்குப் போய் இரண்டு கையாலும் எதையோ தள்ளுவார். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கசகசாவை அரைத்துப் பாலில் கொடுத்தார்கள். ஊரை ஒட்டிய மலைமேல் பழங்காலத்துச் சமணச் சாமியார்கள் படுத்த கல் படுக்கைகள் இருக்கின்றன, அங்கே போய்ப் படு, குளிர்ச்சியில் உறக்கம் வரும் என்று ஒருவர் சொன்னார். போய்ப் படுத்துப் பார்த்தார். ஆட்டுக் கழுத்து மணிச் சத்தம் கேட்டு, கால் வழுக்க ஓடி இறங்கிவந்தார். சூளையில் வேலை செய்யும்போது செங்கல் சுமையோடு விழுந்தார் என்று, அவரைச் சுமை தூக்க விடாமல் மண் மிதிக்க மட்டும் விட்டார் கருப்பு.

அடுத்த வருஷம் ஆடியில், யாரிடமும் சொல்லாமல் நடந்தே வெள்ளைத்துரையின் ஊருக்குப் போனார் ஆண்டிச்சாமி. வெள்ளைத்துரை தொழுவத்தில் ஒரு கையால் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். ஆண்டிச்சாமி தெருவிலேயே நின்றார்.

“எதுக்கு வந்த?”

“பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் சாமி.”

“பாத்தாச்சில்ல.” கையிலிருந்த வைக்கோலை மாட்டுக்கு முன்னால் போட்டுவிட்டு வெள்ளைத்துரையே கேட்டார். “மணி அடிக்கலைன்னு சொல்லியிருந்தா நீ தப்பிச்சிருப்பன்னு பேசிக்கிட்டாங்க. ஏண்டா சொல்லல?”

“அப்பிடிச் சொன்னா கம்பியப் பாத்துக்கிற ஆளுக்கு வேலை போயிருக்கும் சாமி. அதோட...” ஆண்டிச்சாமி நிறுத்தினார். “எது கேட்டுச்சு, எது கேக்கலைன்னே எனக்குப் பிடிபடாமக் கெடந்துச்சு. நெசமாக் கேட்டது அந்த ஒரு மணி. அதையும் கேக்கலைன்னு சொல்லிட்டா அப்புறம் எனக்கு என்ன இருக்கு?”

வெள்ளைத்துரை குனிந்து வைக்கோலை அள்ளினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. “வெயில் ஏறுது, போ” என்றார். குரலில் கோபமும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு மேல் போயிற்று. உறக்கம் நூல் நூலாகத்தான் சேர்ந்தது. ஒரு மணி நேரம், பிறகு ஒன்றரை, பிறகு இரண்டு. 1947 ஐப்பசியில், அடைமழை பெய்த ஒரு ராத்திரி, ஆண்டிச்சாமி விளக்கணைத்ததும் படுத்தவர் எழவே இல்லை. முதல் ஜாமம் போனதும் செல்லக்கிளிக்குப் பயம் வந்தது. மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். மூச்சு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வைத்துப் பார்த்தார். கூரை ஒழுகியது, சட்டியை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டு, விடியும்வரை அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

விடிந்து வெகு நேரத்துக்குப் பிறகு ஆண்டிச்சாமி கண்ணைத் திறந்தார். நனைந்த தரையைப் பார்த்தார்.

“மழையா பெஞ்சுச்சு?”

“ஆமா மாமா. ராத்திரி பூராவும்.”

“எனக்குத் தெரியலையே” என்றார் அவர். ஏதோ குற்றம் செய்துவிட்டவர் போல எழுந்து உட்கார்ந்து, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

அப்படி இன்னொரு ராத்திரி வாய்க்க மேலும் ஏழு மாதம் ஆயிற்று.