கடலுக்குக் கட்டிய முகூர்த்தப் பட்டு

இன்று காலை அக்கா போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். அலைக்கு நடுவே முழங்கால் நனைய அக்கா, கையில் மாங்காய்ப் பத்தை. அந்த மிளகாய்ப்பொடி வாசனை காஞ்சிபுரம் பக்கத்து ஐயம்பேட்டையில் என் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது, சத்தியமாக!

பல வருஷத்துக்கு முன்பு, சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கடலுக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போன பைத்தியம் நான். சிரிக்காதீர்கள். எங்கள் காஞ்சிபுரம் வீட்டில் ஊர் தாண்டினால் கல்யாணம், இல்லை கோயில்; இரண்டுக்கும் பட்டுதான். கடல் மட்டும் மட்டமா? என் புடவைகூட இல்லை, அக்காவின் முகூர்த்தப் பட்டு, கெஞ்சி வாங்கியது. வெள்ளிக்கிழமை கொழுந்தன் கல்யாணத்துக்கு அவள் அதைக் கட்டியாக வேண்டும். அவள் மாமியார் ஆளைப் பார்க்குமுன் புடவையைத்தான் பார்ப்பார்.

ஹாஸ்டல் தோழி ஸ்டெல்லா, அவளும் எங்கள் ஊர்தான், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இன்னாடி இது, கடலு உன்ன பொண்ணு பாக்க வருதா?”

ஓரமாக நின்று பார்த்துவிட்டு வந்துவிடுவதாகத்தான் திட்டம். எங்கே? அந்த இரைச்சலைக் கேட்டதும் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. ஓடினேன். அலை இடுப்பு வரை அடித்தது. அடடா, என்ன ஆனந்தம்! “இன்னொண்ணு வருதுடி!” என்று கத்திக்கொண்டே நின்றேன். நாலாவது அலையில்தான் ஜரிகை ஞாபகம் வந்தது. உப்புத்தண்ணீர் பட்டால் கறுத்துவிடுமே!

பக்கத்துப் பார்க்குக்கு ஓடினோம். ஸ்டெல்லா மாற்றுக்குக் கொண்டுவந்த சுடிதாரை நான் போட்டுக்கொண்டேன். குழாயில் புடவையை அலசி, மர நிழலில், புல்தரைக்கு மேலே ஆளுக்கொரு முனையாக விறைப்பாக இழுத்துப் பிடித்தோம். எங்கள் தெருவில் தறியில் ஏற்றுமுன் பாவு நூலை இப்படித்தான் நீட்டுவார்கள். தொய்யாமல் பிடிக்க எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வாட்ச்மேன் விசிலோடு ஓடிவந்தார். “இங்க துணி காயப் போடக் கூடாதும்மா!”

“போடலைங்களே, புடிச்சிக்கினுதானே இருக்கறோம்!” என்றாள் ஸ்டெல்லா.

அதற்குள் பார்க்கிலிருந்த பிள்ளைகளெல்லாம் புடவைக்கு அடியில் புகுந்து புகுந்து ஓட ஆரம்பித்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களை வரிசையில் விட அவரே விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை லீவு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா பிரித்தாள். ஜரிகை கறுக்கவில்லை; ஆனால் முந்தானை மடிப்பிலிருந்து ஒரு சிட்டிகை மணல் தரையில் விழுந்தது. செத்தேன் என்று நின்றேன். அக்கா குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“கடலு எப்பிடிடி இருந்துது?”

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். அதுவரை அவள் கடலைப் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணம் முடிந்த ஞாயிறே கூட்டிப் போனேன். அதே புடவையைத்தான் கட்டினாள்.

“ஜரிக போயிடும்கா!”

“போனா போவட்டும்டி!”

போயே போய்விட்டது. அந்தப் புல்தரையும் இல்லை, கட்டடம் வந்துவிட்டது. ஸ்டெல்லா துபாயில் இருக்கிறாள். கடல் எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்ட அக்காவையும் காணோம். இப்போதிருக்கும் அக்கா மாதம் தவறாமல் தனியாகவே கடலுக்குப் பஸ் ஏறிவிடுகிறாள். இன்று படத்துக்குக் கீழே கேட்டிருக்கிறாள்: “நீ கடலப் பாத்து எத்தினி வருஷம் ஆச்சிடி?”

பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், எந்தப் பட்டைக் கட்டலாம் என்று.