பாலம் ஏறாத டிரைவர்

வெர்லின் ஸ்டாம்பரைப் போல லாரி ஓட்டுகிற ஆளை நான் பார்த்ததில்லை. பனி உறைந்து கண்ணாடியாய்க் கிடக்கும் மேட்டில்கூட உப்பு லாரியைப் பின்பக்கமாகவே ஏற்றிவிடுவார். அப்படிப்பட்டவர் ஆற்றுப் பாலத்தைக் கண்டால் மட்டும் வெலவெலத்துப் போவார். ஒஹாயோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் கென்டக்கி, வேறு மாநிலம். பாலத்தின் தளம் இரும்புச் சல்லடை. குனிந்தால் தண்ணீர் தெரியும். வாலிப வயதில் ஒரு தடவை பாதிப் பாலம் வரை போய், உறைந்து நின்று, பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க ரிவர்ஸிலேயே திரும்பி வந்தார். அதோடு சரி, அக்கரையை அவர் மிதித்ததே இல்லை.

அதனால்தான் தொலைதூரம் ஓட்டினால் கிடைக்கும் நல்ல சம்பளத்தை விட்டுவிட்டு, எங்கள் உப்புக் கிடங்கில் மணிக்கணக்குக் கூலிக்குச் சேர்ந்தார். நான் வில்மா, அங்கே எடைமேடையில் இருக்கிறேன். தெற்கே லூசியானா சுரங்கத்திலிருந்து உப்பு படகில் வந்து இறங்கும். பனிக்காலத்தில் சாலையில் தூவுவதற்காக அதைச் சுற்றுவட்டார ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது வெர்லினின் வேலை. எல்லாம் இந்தக் கரைக்குள்தான்.

வினை எங்கே வந்தது என்றால், அவருடைய ஒரே மகள் டீனா அக்கரையில் வாழ்க்கைப்பட்டாள். அப்பாவுக்காகக் கல்யாணத்தையே இந்தப் பக்கம் வைத்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவள்தான் வந்து பார்த்துவிட்டுப் போவாள். இந்தக் குளிர்காலத்தில் ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்றாள். வர முடியவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம், நீ வந்தே ஆகணும் என்று போனில் சொன்னாள்.

"பாக்கலாம்மா," என்றார் வெர்லின். "உங்க வீட்டு ஹீட்டர் பழசாயிடுச்சுல்ல, புதுசா ஒண்ணு வாங்கித் தரேன்."

அவர் வழக்கம் அது. போக முடியாத இடத்துக்கு ஏதாவது பொருளை அனுப்பிவைப்பார். ஆனால் ஹீட்டருக்குக் காசு வேண்டுமே. பனிக்காலத்தில் இருட்டில் வண்டி ஏறி இருட்டில் இறங்குகிற மனிதர், முதல் மணிக்கும் கடைசி மணிக்கும் ஒரே கூலிதான் வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரியும்.

"வாரத்துக்கு நாப்பது மணிக்கு மேல போனா ஒண்ணரைப் பங்கு தரணும்," என்றேன். "அந்தச் சட்டத்த சாப்பாட்டு ரூம் சுவத்துலயே ஒட்டியிருக்கு. தினம் அதுக்குக் கீழதானே உக்காந்து சாண்ட்விச் திங்கிறே?"

"லாரி டிரைவருக்கு அதெல்லாம் கிடையாதாம். கிப் சொன்னான்."

கிப் எங்கள் மேனேஜர்.

"அது மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டுறவனுக்குய்யா. நீதான் ஆத்தையே தாண்டாத ஆளாச்சே."

வெர்லின் சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். தன் பயத்தால் ஒரு லாபம் வரும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்கவில்லை. அன்றைக்கே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். போட்ட கையோடு மகளையும் கூப்பிட்டு, ஹீட்டர் நிச்சயம் என்று சொல்லிவிட்டார். நானும் பெருமையாகத்தான் இருந்தேன், அதை மறைப்பானேன்.

விசாரிக்க வந்த அதிகாரி இளைஞன். மரியாதையான பையன். பில்களை எல்லாம் பார்த்தான், லாரியின் எடையைக் கேட்டான், கிப்பிடம் தனியாகப் பேசினான். பிறகு வெர்லினை உட்கார வைத்தான்.

"மன்னிச்சுக்கங்க சார். உங்களுக்கு ஓவர்டைம் சட்டம் பொருந்தாது. பெரிய லாரி ஓட்டுறீங்க, சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போற சரக்கு."

"தம்பி, நான் இந்த ஆத்தையே தாண்டினதில்ல. ஊர்ல யார வேணா கேளுங்க."

"நீங்க தாண்டல சார். உப்பு தாண்டிடுச்சு. லூசியானாவுல படகு ஏறும்போதே எந்த ஊருக்கு எவ்வளவுன்னு முடிவாயிடுது. இங்க சும்மா இறங்கி ஏறுது, அவ்வளவுதான். நீங்க கொண்டுபோய்க் கொட்டுற இடத்துலதான் அதோட பயணம் முடியுது. அந்தப் பயணத்துல கடைசித் துண்டு நீங்க."

"அப்ப நான்..."

"சட்டத்தோட கணக்குல நீங்க தினமும் எல்லை தாண்டி ஓட்டுறவர்தான் சார்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது. வெர்லின் முகத்தில் ரத்தமே இல்லை. பாலத்தின் நடுவில் மாட்டிக்கொண்ட அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருப்பார் என்று நினைத்தேன். எந்தப் பயத்துக்காக வாழ்நாள் சம்பளத்தில் பாதியை விட்டாரோ, அதற்கு அர்த்தமே இல்லை என்று ஒரு பையன் ரெண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் மேல் கோபப்படவும் வழியில்லை. கிப் சொன்னதுதான் சரி என்பது இன்னும் எரிச்சல்.

வெர்லின் என் அறையிலிருந்தே மகளுக்குப் போன் செய்தார். அவருக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில்தான் போடுவார். நடந்ததைச் சொன்னார். ஹீட்டர் இப்போதைக்கு இல்லை என்றார்.

"அப்ப சட்டமே சொல்லுது, நீ தினமும் எல்லை தாண்டுறேன்னு," என்றாள் டீனா. "என் வீட்டுக்கு மட்டும் தாண்ட மாட்டே, இல்லப்பா?"

போனை வைத்துவிட்டாள். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

ஞானஸ்நானத்தன்று, ஞாயிற்றுக்கிழமை காலை, என் வாசலில் அவருடைய பழைய பிக்கப் வந்து நின்றது. கோட்டு போட்டிருந்தார்.

"வில்மா, கூட வா. எதையாவது பேசிட்டே இரு. நிறுத்தாதே."

பேசினேன். என் மைத்துனியின் பல்வலி, கிப் தலையில் வைக்கும் விக், வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். சக்கரம் இரும்புச் சல்லடையில் ஏறியதும் வண்டி முழுக்க ரீங்காரம். அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. முன்னால் போன காரின் நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதிப் பாலத்தில் வேகம் குறைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். வெர்லின் ரிவர்ஸ் போடவில்லை.

கதவைத் திறந்த டீனா எங்களைப் பார்த்துப் பேயைப் பார்த்தவள் மாதிரி நின்றாள். அவர் வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினார்.

"ஹீட்டருக்குப் பணம் கிடைக்கலம்மா."

"யாருப்பா கேட்டா ஹீட்டர?" என்றாள் டீனா. குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

என்னை டீனாவின் புருஷன்தான் திரும்பக் கொண்டுவந்து விட்டான். பாலத்தை ஒரே நாளில் ரெண்டு தடவை பார்க்க வெர்லினுக்குத் தெம்பில்லை. திங்கட்கிழமை அவர் லாரி காலியாக நிற்க, கிப் எடைமேடைக்கு வந்து சத்தம் போட்டான்.

"எங்க அந்த ஆளு? வெர்லின் எங்க?"

"கென்டக்கியில," என்றேன்.

கிப் என்னைப் பார்த்தான், லாரியைப் பார்த்தான், பாலத்தைப் பார்த்தான்.